ஆர்ன் ஆண்டர்சன்: ரிங்கைப் பாதியாக வெட்டத் தெரிந்தவர்

கேள்வி இதுதான்: "ஆர்ன் ஆண்டர்சன் ஒருமுறைகூட உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனதில்லை. உலக சாம்பியன் ரிக் ஃபிளேருக்குப் பக்கத்தில் நின்றவர் என்றுதான் சொல்கிறார்கள். அப்படியிருக்க, டேக் டீம் என்றதும் அவர் பெயரை ஏன் முதல் வரிசையில் வைக்கிறார்கள்? ரிங்கில் அப்படி என்ன செய்தார்? எந்த மேட்சிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?"

தொழில்முறை ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பது என்பது முன்பே பேசி வைத்தது. அதனால் பட்டங்களை எண்ணி ஒருவரின் திறமையை அளந்தால் கணக்கு தப்பும். பார்க்க வேண்டியது இரண்டு: அவர் செய்வதைக் கூட்டம் நம்பியதா, அவரோடு மோதிய ஆள் ரிங்கை விட்டு இறங்கும்போது முன்பைவிடப் பெரிய ஆளாகத் தெரிந்தாரா. இந்த இரண்டிலும் ஆர்னுக்கு நிகராகச் சொல்ல மிகச் சிலரே இருக்கிறார்கள். டேக் டீம் ஆட்டத்தில், அதாவது இருவர் இருவராக மோதும் ஆட்டத்தில், இந்த இரண்டுமே பெரும்பாலும் வில்லன் அணியின் கையில்தான் இருக்கின்றன. ஏன் என்பது ஆட்டத்தின் அமைப்பைப் பார்த்தால் புரியும்.

ரிங் ஒரு பக்கம் 18 அடி அல்லது 20 அடி. இரு அணிகளும் எதிரெதிர் மூலைகளில் நிற்கும். 18 அடி ரிங்கில் மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் 25 அடி. ஓர் அணியில் ஒருவர் உள்ளே, இன்னொருவர் கயிற்றுக்கு வெளியே உள்ள விளிம்பில். வெளியே நிற்பவர் மூலையில் கட்டியிருக்கும் சிறிய டேக் கயிற்றைப் பிடித்தபடி கையை நீட்ட வேண்டும். கையோடு கை பட்டால் ஆள் மாறலாம், இதுதான் டேக். அதை ரெஃப்ரி தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். டேக் ஆனபின் இருவரும் சேர்ந்து உள்ளே இருக்க 5 எண்ணும் வரை அனுமதி. விதிகள் இவ்வளவுதான். இந்த விதிகளின் இடுக்குகளில்தான் வில்லன் அணி குடித்தனம் நடத்துகிறது.

15 நிமிட மேட்ச் என்றால் முதல் மூன்று நான்கு நிமிடம் நல்லவர்கள் கை ஓங்கியிருக்கும். பிறகு ஒரு தந்திரத்தால் அவர்களில் ஒருவர் சிக்குவார். அடுத்த ஏழெட்டு நிமிடம் அவருக்கு அடி. கடைசியில் அவர் எப்படியோ தன் மூலையை எட்டிக் கையைத் தொடுவார். புதிதாக வருபவர் எல்லோரையும் வாரித் தள்ளுவார். இதைத்தான் ஹாட் டேக் என்கிறார்கள். அந்தத் தொடுகைக்கு அரங்கம் கூரையைப் பிளக்க வேண்டுமென்றால், அதற்கு முந்தைய ஏழெட்டு நிமிடம் சரியாக வெந்திருக்க வேண்டும். டேக் சீக்கிரம் வந்துவிட்டால் கூட்டத்துக்கு ஏக்கமே பிறந்திருக்காது. மிகவும் தள்ளிப்போனால் ஏங்கி ஏங்கிச் சலித்துப்போய் உட்கார்ந்துவிடும். நடுவே இரண்டு மூன்று முறை "இதோ வந்துவிட்டான்" என்று நம்ப வைத்துப் பறிக்கவும் வேண்டும். அந்தப் பறிப்பின் நேரக்கணக்கில்தான் ஆர்ன் கெட்டிக்காரர்.

ரிங்கைப் பாதியாக வெட்டுவது என்று இந்தத் தொழிலில் சொல்வது இதைத்தான்: சிக்கியவரைத் தங்கள் மூலை இருக்கும் பாதியிலேயே வைத்துக்கொள்வது. ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸின் ரிக்கி மார்ட்டன் அடி வாங்குவதில் அப்படிப் பெயர் எடுத்தவர். இன்றும் அந்த வேடத்துக்கு அவர் பெயரையே வைத்துச் சொல்வார்கள். மார்ட்டன் தவழ்ந்து போகிறார், கூட்டாளி கிப்சனின் விரலுக்கும் அவர் விரலுக்கும் இடையே ஒரு சாண். மற்ற வில்லன்கள் அங்கே ஓடிவந்து உதைப்பார்கள். ஆர்ன் குனிந்து ஒரு கணுக்காலைப் பிடித்து நிதானமாகப் பின்னோக்கி நடப்பார். நீட்டிய கை அப்படியே மேட்டில், அதாவது ரிங்கின் தரையில், தேய்ந்துகொண்டு விலகும். ஓர் உதையைவிட அந்த இழுப்புதான் பார்ப்பவர் வயிற்றைக் கலக்கும்.

இதோடு இரண்டு பழைய தந்திரங்கள் சேரும். ஒன்று பொய் டேக்: ரெஃப்ரி முதுகு காட்டி நிற்கும்போது வில்லன்கள் கையைத் தொடாமலே மாறிக்கொண்டு, தன் உள்ளங்கைகளை ஒருவர் படீரென்று தட்டுவார். சத்தத்தைக் கேட்ட ரெஃப்ரி டேக் நடந்ததாக ஏற்றுக்கொள்வார். இரண்டாவது அதற்கு நேர் எதிர்: நல்லவர்கள் உண்மையாகவே தொட்டுவிடுவார்கள், ஆனால் அந்த நொடியில் வில்லனின் கூட்டாளி கயிற்றில் ஏறி ரெஃப்ரியோடு வாக்குவாதம் செய்துகொண்டிருப்பார். ரெஃப்ரி திரும்பிப் பார்த்து, உள்ளே வந்தவரை வெளியே அனுப்புவார். பொய்யான டேக் செல்லுபடியாகிறது, உண்மையான டேக் செல்லாமல் போகிறது. கூட்டத்தின் ஆத்திரம் முழுக்க இந்த அநியாயத்திலிருந்துதான் வருகிறது.

இனி ஆள். இயற்பெயர் மார்ட்டின் லண்டே. 1958இல் ஜார்ஜியா மாநிலத்தின் ரோம் நகரில் பிறந்தவர். ரெஸ்லிங்கில் இறங்கியது 1982இல். தொடக்கத்தில் சொந்தப் பெயரிலும், பிறகு அலபாமா பக்கத்தில் சூப்பர் ஒலிம்பியா என்ற முகமூடியிலும் ஆடினார். அங்கே ஜெர்ரி ஸ்டப்ஸோடு சேர்ந்து டேக் பட்டங்கள் எடுத்தார். முகம், உடல்வாகு, பேசும் தோரணை எல்லாம் மூத்த ரெஸ்லர் ஓல் ஆண்டர்சனைப் போலவே இருந்ததால் ஆண்டர்சன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது; கதையில் உறவினராகவும் ஆக்கிவிட்டார்கள். 1985இல் ஓலும் ஆர்னும் ஜிம் கிராக்கெட்டின் ரெஸ்லிங் நிறுவனத்தில் ஜோடியாக நேஷனல் டேக் டீம் பட்டத்தை வைத்திருந்தார்கள்.

ஆண்டர்சன் என்ற பெயரோடு ஒரு வேலைமுறையும் வந்தது. ஜீன், ஓல் ஆண்டர்சன்களின் பழைய ஜோடி, எதிராளியின் ஒரு கையைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதையே குடையும். தோளைத் திருகி மூலைக் கம்பத்தில் மோதுவது, மேட்டில் முழங்கால் வைத்து அமுக்குவது, கூட்டாளி வந்து அதே இடத்தில் மேலும் அழுத்துவது. அமெரிக்காவில் வழக்கமாக இடது பக்கத்தைத்தான் பிடிப்பார்கள். எல்லோரும் ஒரே பக்கத்தில் பழகியிருப்பதால் முன்பின் தெரியாதவரோடு ஆடும்போதும் எந்தக் கை, எந்தக் கால் என்ற குழப்பம் வராது. இந்த முறையில் ஒரு வசதி உண்டு: பார்ப்பவருக்கு விளக்கமே வேண்டாம். பத்து நிமிடம் ஒரே கை வதைபட்டதைப் பார்த்தவருக்கு, அந்தக் கையால் அவர் டேக் செய்ய நீட்டும்போது வலி தானாகவே தெரியும். கை, கால், கழுத்து என்று ஆளுக்கொரு பக்கம் அடித்தால் எதுவும் மனதில் நிற்காது. இன்றைய பல டேக் மேட்சுகளில் பார்க்கும் பெரிய குறை இது.

1986 தொடக்கத்தில் ஃபிளேர், ஓல், ஆர்ன், டலி பிளான்சார்ட், மேனேஜர் ஜே.ஜே. டில்லன் ஆகியோர் ஒரே அணியாகத் திரண்டார்கள். அப்போது ஆர்ன் ஒரு பேட்டியில், பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் அழிவோடு வரும் நான்கு குதிரைவீரர்களோடு தங்களை ஒப்பிட்டார். அந்தப் பேச்சிலிருந்தே ஃபோர் ஹார்ஸ்மென் என்ற பெயர் நிலைத்தது. நான்கு விரல் காட்டும் அடையாளம் இன்றுவரை இருக்கிறது.

ஆர்னின் மிகச் சிறந்த கூட்டாளி டலிதான் என்பது என் உறுதியான கணிப்பு. ஓலும் ஆர்னும் ஒரே அச்சு. டலி வேறு அச்சு. ஆர்ன் 6 அடி 1 அங்குலம், 250 பவுண்டுக்குச் சற்று மேல் என்று அறிவிப்பார்கள். அவர் தரையைப் பிடித்து நிற்கும் தூண். டலி அவரைவிடச் சிறியவர், வேகமானவர், அகங்காரம் பிடித்த பணக்காரப் பிள்ளை வேடம். நல்லவர்கள் அடிக்கத் தொடங்கும்போது பந்துபோல எகிறி விழுவது டலி. ஓட்டத்தை மடக்கி நிறுத்துவது ஆர்ன். ஒருவர் பறக்க, இன்னொருவர் தடுக்க என்று வேலை பிரிந்திருந்ததால் எந்த வகை எதிரணியோடும் அவர்களால் பொருந்த முடிந்தது. மார்ட்டன், கிப்சன் போன்ற சிறிய ஆட்கள் வந்தாலும் சரி, ரோடு வாரியர்ஸ் போன்ற மலைகள் வந்தாலும் சரி.

1987 செப்டம்பரில் ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸிடமிருந்து என்டபிள்யூஏவின் (கிராக்கெட் நிறுவனம் சேர்ந்திருந்த கூட்டமைப்பு) உலக டேக் பட்டம் இவர்களிடம் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 26, நிறுவனத்தின் ஆண்டுப் பெருநிகழ்ச்சி ஸ்டார்கேட், சிகாகோ. எதிரே ரோடு வாரியர்ஸ், அதுவும் அவர்களின் சொந்த ஊர் என்று சொல்லப்பட்ட நகரத்தில். ரெஃப்ரி டாமி யங் அடிபட்டு வெளியே கிடக்கிறார். இன்னொரு ரெஃப்ரி வந்து மூன்று எண்ணுகிறார். பெல்ட் கைமாறியது என்று அரங்கமே எழுந்து ஆடுகிறது. பிறகு யங் எழுந்து, முன்பே ஆர்னை மேல்கயிற்றுக்கு மேலே தூக்கி எறிந்ததைக் காட்டி ரோடு வாரியர்ஸைத் தகுதிநீக்கம் செய்கிறார். என்டபிள்யூஏவில் அன்று அப்படி எறிவது விதிமீறல். புத்தகத்தின்படி சரியான முடிவுதான். ஆனால் காசு கொடுத்து வந்த சிகாகோ ரசிகர்களிடம் கொடுத்த மகிழ்ச்சியைப் பிடுங்கியது பெரிய தவறு. இப்படிப்பட்ட முடிவு ஓரிரு முறை எடுபடும். அடிக்கடி செய்தால் மூன்றாவது எண்ணிக்கையைக்கூடக் கூட்டம் நம்பாது. மேட்சில் ஆர்ன் செய்த வேலையில் குறையில்லை. எழுதிய முடிவில்தான் குறை.

1988 மார்ச் 27ஐக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை அட்லாண்டிக் சிட்டியில் போட்டி நிறுவனமான டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) ரெஸில்மேனியா 4 நடத்துகிறது. அதற்குப் போட்டியாக வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவிலிருந்து முதலாவது கிளாஷ் ஆஃப் தி சாம்பியன்ஸை டிபிஎஸ் சேனல் இலவசமாக ஒளிபரப்புகிறது. கிரீன்ஸ்பரோவில் ஆர்னும் டலியும் லெக்ஸ் லூகர், பாரி விண்டம் ஜோடியிடம் பட்டத்தை இழந்தார்கள். அதே நாள் அட்லாண்டிக் சிட்டியில் டெமாலிஷன் ஜோடி டபிள்யூடபிள்யூஎஃப் பட்டத்தை வென்று ஒரு நீண்ட ஆட்சியைத் தொடங்கியது. ஆர்னும் டலியும் இழந்ததை ஏப்ரல் 20இல், விண்டம் லூகரைக் காட்டிக்கொடுத்த மேட்சில் மீட்டார்கள். செப்டம்பர் 10இல் ஃபிலடெல்ஃபியாவில் பாபி ஈட்டன், ஸ்டான் லேனின் மிட்நைட் எக்ஸ்பிரஸிடம் தோற்றுக் கொடுத்துவிட்டு நிறுவனத்தை விட்டே கிளம்பினார்கள். போன இடம் டபிள்யூடபிள்யூஎஃப். அங்கே பாபி "தி பிரெயின்" ஹீனன் மேனேஜர், அணியின் பெயர் பிரெயின் பஸ்டர்ஸ். 1989 ஜூலை 18இல் படமாக்கப்பட்ட மூன்றில் இரண்டு வெற்றி மேட்சில், டெமாலிஷனின் 478 நாள் ஆட்சியை முடித்தவர்கள் இவர்கள்தான்.

டபிள்யூடபிள்யூஎஃப் மேட்சுகள் கிராக்கெட் காலத்து மேட்சுகளைவிடக் குறுகியவை. வதைக்கும் பகுதிக்கு அங்கே நேரம் குறைவு. அதையும் மீறி அந்த ஓராண்டு வேலை நன்றாகவே இருக்கிறது. அக்டோபரில் பட்டம் டெமாலிஷனிடமே திரும்பியது. நவம்பரில் போதைப்பொருள் சோதனையில் டலி சிக்கினார். சர்வைவர் சீரிஸில் டலி நிற்க வேண்டிய இடத்தில் மேனேஜர் ஹீனனே உடைமாற்றிக்கொண்டு ரிங்குக்கு வந்தார். இருவரும் சேர்ந்து பழைய இடத்துக்குத் திரும்பும் திட்டம் கெட்டது. ஆர்ன் மட்டும் திரும்பினார். இந்த ஜோடியின் கதை அங்கே முறிந்தது பெரிய இழப்பு.

தனி ஆளாக அவர் டெலிவிஷன் பட்டத்தை 1986, 1990, 1991, 1995 என நான்கு முறை எடுத்தார். நான்கு முறையும் ஜனவரி மாதம் என்பது தற்செயலான வேடிக்கை. அந்தப் பட்டத்துக்கு நேர வரம்பு குறைவு, டிவியில் அடிக்கடி பணயம் வைக்க வேண்டும்; நம்பகமான ஆளிடம்தான் கொடுப்பார்கள்.

1991 முதல் 1993 வரை மூன்று வேறு கூட்டாளிகளோடு டபிள்யூசிடபிள்யூவில் (கிராக்கெட் நிறுவனம் கைமாறியபின் வந்த பெயர்) உலக டேக் பட்டம் பிடித்தார்: லாரி ஸ்பிஸ்கோ, பாபி ஈட்டன், பால் ரோமா. ரோமாவோடு இருந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். ஸ்பிஸ்கோவோடு நடந்த ஒரு காட்சியைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 1991 அக்டோபரில் ஆர்னும் ஸ்பிஸ்கோவும் பாரி விண்டமின் கையைக் கார் கதவில் நசுக்குவதாகக் கதை. நவம்பர் 19, ஜார்ஜியாவின் சவானா நகரில் 17ஆவது கிளாஷ். டஸ்டின் ரோட்ஸ் வருகிறார். கூடவே கையில் கட்டோடு விண்டம். அவரால் ஆட முடியாது. மூன்றாவதாக ஒருவர் டிராகன் தலை மூடிய உடையில் நடந்து வருகிறார். முகமூடி விலகுகிறது: ரிக்கி ஸ்டீம்போட். அந்த நேரம் காமிரா ஆர்னைக் காட்டும். கண் விரிகிறது, வாய் திறக்கிறது, ஸ்டீம்போட் யார் என்பதைக் கூட்டாளிக்குப் பதறிப் பதறிச் சொல்கிறார். ஓர் அடி விழவில்லை, பிடி இல்லை. ஸ்டீம்போட்டை முன்பின் அறியாத சிறுவனுக்கும் அந்த முகத்தைப் பார்த்தால் வந்திருப்பவர் சாதாரண ஆள் இல்லை என்று புரியும். எதிராளியைப் பெரிதாக்குவது என்று மேலே சொன்னது இதைத்தான். அன்றிரவு பட்டம் கைமாறியது.

அடுத்த ஜனவரியில் ஈட்டனோடு அதே ஜோடியிடமிருந்து பட்டத்தை மீட்டார். பால் ஈ. டேஞ்சரஸ்லியின் டேஞ்சரஸ் அலயன்ஸ் அணியில் இருந்த காலம் அது. ஈட்டன் ஒரு காலத்தில் எதிரணி, மிட்நைட் எக்ஸ்பிரஸின் ஆள். இருவருமே கூட்டாளியைத் தூக்கி நிறுத்தும் ரகம் என்பதால் ஜோடி சட்டென்று பொருந்தியது. 1992 மே 17, ஜாக்சன்வில், இந்த அணியும் ஸ்டிங்கின் அணியும் மோதிய வார்கேம்ஸ்: இரண்டு ரிங், மேலே ஒரே கூண்டு, அணிக்கு ஐந்து பேர். மூலையைப் பிணைக்கும் இரும்புக் கம்பியைக் கழற்றி ஸ்பிஸ்கோ வீசிய அடி ஸ்டிங்கைத் தவறவிட்டு ஈட்டனின் கையில் விழ, அந்தக் கையையே ஸ்டிங் முறுக்கி முடித்தார். வில்லன் அணி தன் பேராசையாலேயே உடைவதற்கு இதைவிடத் தெளிவான முடிவு கிடைக்காது.

இனி அவருடைய கைவேலை. ஸ்பைன்பஸ்டர் என்றாலே ஆர்ன்தான். எதிராளி கயிற்றில் பட்டுத் திரும்பி ஓடி வருகிறார். ஆர்ன் தாழ்ந்து இடுப்புக்குக் கீழே இரு கையாலும் கட்டிக்கொள்வார். அந்த நொடி எதிராளி சற்றே எம்பி அவர் தோள்களைப் பிடிக்க வேண்டும். ஆர்ன் நேராகப் பின்னால் தள்ளாமல், வந்த வேகத்தையே வாங்கிக்கொண்டு அரைவட்டம் சுழன்று முதுகுப்புறமாக மேட்டில் இறக்குவார். மற்றவர்களின் ஸ்பைன்பஸ்டர் தூக்கிப்போடுவது போல இருக்கும். இது கதவை ஓங்கிச் சாத்துவது போல இருக்கும். விழுபவர் தாடையை நெஞ்சோடு ஒட்டி, மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி கைகளை விரித்து மேட்டில் அடிக்க வேண்டும். தாடையை ஒட்டத் தாமதித்தால் பின்மண்டை முதலில் படும். எம்பாமல் மரம்போல வந்தால் முழு எடையும் ஆர்னின் இடுப்பில் ஏறும். ஹாட் டேக் முடிந்து நல்லவர் சூறாவளியாகச் சுற்றும்போது அதை ஒரே நொடியில் நிறுத்த அவர் வைத்திருந்த ஆயுதம் இது. அதனால்தான் சும்மா சும்மா எடுக்க மாட்டார்.

தான் அவமானப்படவும் ஒரு நிரந்தர ஏற்பாடு வைத்திருந்தார். எதிராளி மல்லாந்து கிடக்க, இருவர் விரல்களும் கோத்திருக்க, ஆர்ன் எம்பி மேலே குதிப்பார். கீழே கிடப்பவர் முழங்கால்களை உயர்த்துவார். ஆர்ன் கவட்டை படும்படி அதில் இறங்குவார். பெரிய வில்லன் முகம் கோணி நடக்கும்போது கூட்டம் சிரிக்கும், கிடந்தவருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

கழுத்தில் ஏற்பட்ட சேதமும் இடது கையின் பலவீனமும் 1997 தொடக்கத்தோடு அவரை நிறுத்தின. ஆகஸ்ட் 25ஆம் தேதி டபிள்யூசிடபிள்யூவின் வாராந்திர டிவி நிகழ்ச்சியான நைட்ரோவில் ஓய்வை அறிவித்து, ஹார்ஸ்மென் அணியில் தன் இடத்தை கர்ட் ஹென்னிக்குக் கொடுத்தார். ஆர்ப்பாட்டமில்லாத, கணீரென்ற பேச்சு, தேடிப் பாருங்கள். 2001இல் டபிள்யூசிடபிள்யூ முடிந்தபின் டபிள்யூடபிள்யூஇயில் 2019 வரை புரொட்யூசராக, அதாவது மேட்சை வீரர்களோடு உட்கார்ந்து கட்டமைப்பவராக இருந்தார். டென் ஸ்போர்ட்ஸில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, சண்டையைப் பிரிக்க ஓடிவரும் அதிகாரிகளில் ஒருவராக அந்த முகம் தெரிந்திருக்கும். 2012இல் ஹார்ஸ்மென் அணியோடு ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்.

பார்க்கும் வரிசை: முதலில் 1988 மார்ச் 27, லூகர், விண்டம் மேட்ச். பத்து நிமிடத்துக்குள் எல்லாம் இருக்கிறது. அடுத்து சவானா. பிறகு வார்கேம்ஸ். டெமாலிஷனோடு நடந்தது நான்காவதாக. ஸ்பைன்பஸ்டரை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் 2002 ரெஸில்மேனியாவில் ஃபிளேருக்காக ஓடிவந்து அண்டர்டேக்கருக்குக் கொடுத்தது போதும். ஓய்வுபெற்று ஐந்து ஆண்டு ஆகியும் அந்தச் சுழற்சி அப்படியே இருக்கிறது.

மார்ச் 27 மேட்சை மட்டும் இரண்டு முறை போடுங்கள். இரண்டாம் முறை ரிங்குக்குள் நடப்பதை விட்டுவிட்டு, ஆர்ன் வெளியே நிற்கும் நேரங்களில் அவரை மட்டும் கவனியுங்கள். ரெஃப்ரி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார், விண்டம் தன் மூலைக்கு எத்தனை அடி தூரத்தில் கிடக்கிறார், டலிக்கு மூச்சு எவ்வளவு வாங்குகிறது, மூன்றையும் பார்த்துக்கொண்டே ஒரு காலை கயிற்றுக்குள் வைக்கலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருப்பார்.